இளநீர் கொடுத்த தீவும் படை கேட்ட விருந்தாளியும்



கடைசி செமஸ்டர் முடிந்ததும் முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு தீவு தீவாகச் சுற்ற வேண்டும் என்று எங்கள் வகுப்பில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. ஒருத்தன் மாலத்தீவு என்றான். ஒருத்தி அந்தமான் என்றாள். பட்ஜெட் போட்டுப் பார்த்தவன், "ராமேஸ்வரமும் தீவுதான்டா" என்று முடித்துவிட்டான் :-)

இதில் எல்லோரும் ஒத்துக்கொண்ட விஷயம் ஒன்றே ஒன்றுதான். போகிற இடமெல்லாம் புதுசு புதுசாக நண்பர்கள் கிடைப்பார்கள். அப்படிக் கிடைத்த நண்பர்களை என்ன செய்வோம் என்று யாரும் பேசவில்லை. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. பி.காம் படிக்கிறவனுக்கு வரலாறு எதற்கு என்று கேட்காதீர்கள், நடுவில் கொஞ்சம் கணக்கும் வருகிறது.

சரி, கொசுவத்தியைச் சுத்துவோம். கிட்டத்தட்ட 700 வருடம் பின்னால்.

அழுத பையன்

இப்னு பதூதா 1304ல் மொரோக்கோவின் டாஞ்சியர் நகரில் பிறந்தவர். 1325ல் மக்காவுக்குப் போவதாகச் சொல்லித் தனியாகக் கிளம்பினார். அப்போது வயது 21. எங்கள் வகுப்பில் பாதிப்பேர் வயது.

துனிஸ் நகருக்குப் போய்ச் சேர்ந்தபோது ஊர்க்காரர்கள் வந்து கூட வந்தவர்களை எல்லாம் கட்டிப்பிடித்து வரவேற்றார்கள். இவரைத் தெரிந்தவர் அங்கே யாரும் இல்லை. மனுஷர் தாங்க முடியாமல் அழுதுவிட்டார். உடன் வந்த யாத்ரீகர் ஒருவர் அதைக் கவனித்து, பக்கத்தில் வந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஊருக்குள் கூட்டிப் போனார். பிற்காலத்தில் எத்தனையோ அரசவைகளைப் பார்த்தவர் இந்தச் சின்ன விஷயத்தை மறக்காமல் பதிவு செய்திருக்கிறார்.

பிறகு டெல்லிக்கு வந்தார். முகமது பின் துக்ளக்கிடம் காஜி வேலை, அதாவது நீதிபதி. ஆண்டுக்கு 12,000 தினார் சம்பளம். அப்புறம் சுல்தானே இவரைச் சீனாவுக்குத் தூதராக அனுப்பினார். 1342 வாக்கில் கோழிக்கோட்டில் கப்பல் ஏற வேண்டும். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் நமக்குப் பக்கத்து ஊர்தான். அங்கே அடித்த புயலில் சீனச் சக்கரவர்த்திக்கான பரிசுகளோடு போன கப்பல் உடைந்தது. இவருடைய சாமான்கள் இருந்த இன்னொரு கப்பல் இவரை விட்டுவிட்டே போய்விட்டது. கரையில் நின்றவர் கையில் மிச்சம் 10 தினாரும் படுக்க விரித்த ஒரு கம்பளமும்தான்.

டெல்லிக்குத் திரும்பிப் போனால் துக்ளக் தலையை வாங்கிவிடுவார் என்ற பயம். கொஞ்ச காலம் மேற்குக் கரையில் அலைந்துவிட்டு, 1343ல் மாலத்தீவுக்குப் படகு ஏறினார். பத்து நாள் பயணம்.

வெற்றிலையும் இளநீரும்

தீவுகள் மோதிரம் மாதிரி வட்டமாக இருக்கின்றன, வாசல் மாதிரி ஒரு வழிதான் உண்டு, உள்ளூர்க்காரர் வழிகாட்டாமல் கப்பல் உள்ளே நுழைய முடியாது என்று எழுதியிருக்கிறார். ஒரு தீவை விட்டுக் கிளம்பும்போதே அடுத்த தீவின் தென்னை உச்சி தெரியுமாம். வழி தவறினால் காற்று இலங்கைக்கோ நம்ம சோழமண்டலக் கரைக்கோ கொண்டுபோய்த் தள்ளிவிடுமாம். இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அங்கே இருந்த வழக்கம். கப்பல் வந்ததும் தீவுக்காரர்கள் சின்னப் படகுகளில் எதிரே போவார்கள். கையில் வெற்றிலையும் இளநீரும் இருக்கும். கப்பலில் யாரைப் பிடிக்கிறதோ அவரிடம் கொடுப்பார்கள். கொடுத்தவர் வீட்டுக்கு அவர் விருந்தாளி. சாமானைச் சொந்தக்காரர் மாதிரி தூக்கிக்கொண்டு வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுவார்கள். நீ யார், எந்த ஊர், எவ்வளவு பணம் வைத்திருக்கிறாய் என்பதெல்லாம் அப்புறம்தான்.

பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் அப்பிச்சியின் தோப்பிலும் இதே கதைதான். மீட்டர் பார்க்க வந்தவராக இருந்தாலும், "பேச்சு அப்புறமுங்க, மொதல்ல இதைக் குடிங்க" என்று சீவிக் கையில் கொடுத்துவிடுவார்.

தோப்பு என்றதும் இன்னொன்று. மாலத்தீவில் தேங்காய் மட்டையைக் கரையோரக் குழிகளில் ஊறப்போட்டு, தடியால் அடித்து நாராக்கி, பெண்கள் கயிறு திரித்ததைப் பார்த்து எழுதியிருக்கிறார். அந்தக் கயிற்றால்தான் இந்தியாவிலும் ஏமனிலும் கப்பல் பலகைகளைத் தைத்தார்கள். ஆணி அடித்த கப்பல் பாறையில் மோதினால் உடையும், கயிற்றால் தைத்தது கொஞ்சம் வளைந்து கொடுக்கும் என்பது அவர் சொல்லும் காரணம். பொள்ளாச்சி நார் மில் வழியாகப் போகும்போதெல்லாம் இனி எனக்குக் கப்பல்தான் ஞாபகம் வரும். மீனைப் பாதி வேகவைத்துப் புகைபோட்டு ஏற்றுமதி செய்ததையும் எழுதியிருக்கிறார். தூத்துக்குடிப் பக்கம் மாசிக் கருவாடு என்பது அதுவேதான்.

கொஞ்சம் கணக்கு

அங்கே பணம் என்பது சோழி. கடலில் பொறுக்கி, குழியில் போட்டுச் சதை அழுகிப் போனதும் எடுத்துக் கழுவிய ஓடு. மாலத்தீவில் ஒரு தங்க தினாருக்கு 4,00,000 சோழி. விலை விழுந்தால் 12,00,000 வரைகூடப் போகும். வங்காளத்துக்காரர்கள் அரிசி கொடுத்துச் சோழி வாங்கிப் போனார்கள். அங்கேயும் அது காசு. ஏமன்காரர்கள் கப்பல் ஆடாமல் இருக்க மணலுக்குப் பதில் சோழியை நிரப்பிக்கொண்டார்கள்.

பின்னாளில், 1352க்கு மேல், இப்னு பதூதா ஆப்பிரிக்காவில் மாலி நாட்டுக்குப் போனபோது அங்கேயும் சோழி நடப்பில் இருந்தது. விலை? ஒரு தினாருக்கு 1,150. வகுத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட 350 மடங்கு வித்தியாசம். ஒரு பொருளுக்குக் கிடைக்கிற இடத்தில் ஒரு மதிப்பு, கிடைக்காத இடத்தில் வேறு மதிப்பு. எங்கள் பொருளாதாரப் புத்தகத்தில் இந்த உதாரணத்தைப் போட்டிருந்தால் தேர்வுக்கு முந்தின ராத்திரி தூங்கியிருக்க மாட்டேன்.

நட்புக்கும் இது பொருந்தும் என்று தோன்றுகிறது. இளநீரும் அன்பும் கொட்டிக் கிடந்த இடத்தில் இவர் அதற்குப் போட்ட மதிப்பு என்ன என்பதுதான் மீதிக் கதை.

விருந்தாளி நீதிபதி ஆனார்

அப்போது மாலத்தீவை ஆண்டவர் ராணி கதீஜா. அவர் கணவர் ஜமாலுத்தீன்தான் மந்திரி. தீவில் நல்ல காஜி இல்லை, நீ யார் என்று தெரிந்தால் பிடித்து வைத்துக்கொள்வார்கள் என்று நண்பர் ஒருவர் முன்கூட்டியே எச்சரித்தார். அதனால் இவர் தன்னைக் காட்டிக்கொள்ளவில்லை. இலங்கையிலிருந்து வந்த பக்கீர்கள் சிலர் இவரை அடையாளம் கண்டு போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

அப்புறம் என்ன, வீடு கொடுத்தார்கள், செலவுக்கு 1,00,000 சோழி கொடுத்தார்கள், காஜி பதவியும் கொடுத்தார்கள். அரச குடும்பத்திலேயே பெண் எடுத்து, ஒரே நேரத்தில் நான்கு மனைவிகள். கப்பல்காரர்கள் வந்தால் திருமணம் செய்வதும் கிளம்பும்போது விவாகரத்து செய்வதும் அங்கே சகஜம், பெண்கள் தீவை விட்டு வருவதில்லை என்று சாதாரணமாக எழுதிக்கொண்டு போகிறார். அந்தப் பெண்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு ஒரு வரி கிடையாது.

நீதிபதியாக ரொம்பக் கறார். தொழுகைக்கு வராதவர்களுக்கு அடி. இடுப்புக்கு மேல் துணி உடுத்தாத பெண்களை உடுத்த வைக்கப் பார்த்து, அதில் மட்டும் தோற்றுப் போனார். ஒரு திருடன் கையை வெட்டச் சொன்னபோது சபையில் இருந்த தீவுக்காரர்கள் சிலர் மயங்கி விழுந்துவிட்டார்கள். அவ்வளவு சாதுவான ஜனங்கள்.

கடைசியில் ஒரு தீர்ப்பு விஷயத்தில் மந்திரியோடு முட்டிக்கொண்டு, 1344ல் கிளம்பிவிட்டார். கிளம்புவதற்கு முன் செய்த காரியம்தான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. தளபதி ஒருவரோடும் கடற்படைத் தலைவரோடும் ரகசியமாகப் பேசி வைத்தார். மதுரை சுல்தான் கியாசுத்தீன் இவருக்குச் சகலை. (இவர் டெல்லியில் கட்டிய பெண்ணின் சகோதரியைத்தான் அந்த சுல்தான் கட்டியிருந்தார்.) அங்கே போய்ப் படை கொண்டு வருவேன், கப்பல்களில் வெள்ளைக் கொடி தெரிந்ததும் நீங்கள் உள்ளே கலகம் செய்யுங்கள், தீவுகள் சகலைக்கு, அவர் பெயரில் அதிகாரம் எனக்கு. இதுதான் ஒப்பந்தம். இதை வேறு யாரும் எழுதிவைத்துக் குற்றம் சாட்டவில்லை, அவரே தன் பயண நூலில் சொல்லியிருக்கிறார்.

இரண்டு காக்கா

இதைப் படித்துக் கோபம் வந்த சூட்டில் அடுத்த பக்கம் புரட்டினால் வேறொரு ஆள் தெரிகிறார்.

போகிற வழியில் ஒரு குட்டித் தீவு. மொத்தமே ஒரு வீடு. ஒரு நெசவாளி, மனைவி, குழந்தைகள், கொஞ்சம் தென்னை, வாழை, மீன் பிடிக்க ஒரு படகு. தரைப் பறவை என்று பார்த்தால் இரண்டே இரண்டு காக்கா, கப்பலைச் சுற்றி வட்டமடித்தன. அந்த மனிதரைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன், அந்தத் தீவு எனக்கு இருந்தால் சாகும்வரை அங்கேயே ஒதுங்கிவிடுவேன் என்று எழுதுகிறார். படையெடுப்புத் திட்டத்தை மனசில் வைத்துக்கொண்டே இந்த ஆசையும் வந்திருக்கிறது. இரண்டும் ஒரே ஆள்தான்.

அங்கிருந்து இலங்கை. புத்தளத்தில் தமிழ் மன்னர் ஆரியச் சக்கரவர்த்தி வரவேற்றார். பாரசீக மொழி தெரிந்தவராம். என்ன வேண்டுமோ கேள் என்றார். இவர் கேட்டது பாவாதமலைக்குப் போக வழி மட்டும். பல்லக்கு, துணைக்கு யோகிகள் நாலு பேர், பிராமணர்கள் மூன்று பேர், சுமை தூக்க 15 பேர் என்று அனுப்பி வைத்தார். கப்பல் தலைவர், ஒரு வருஷம் ஆனாலும் நீங்கள் வராமல் கிளம்ப மாட்டேன் என்று காத்திருந்தார். மதம், மொழி, ஊர் எதுவும் ஒன்றில்லாத இடத்தில் இவ்வளவு மரியாதை!

நம்ம கரையில்

இலங்கையிலிருந்து வரும்போது நம் கரைக்கு அருகே கப்பல் தரைதட்டியது. தெப்பம் கட்டி, தன் அடிமைப் பெண்களையும் தோழர்களையும் முதலில் அனுப்பினார். சரியாக நீச்சல் தெரியாததால் இவர் ராத்திரி முழுவதும் உடைந்த கப்பலிலேயே பிடித்துக்கொண்டு கிடந்தார். விடிந்ததும் நம்ம ஊர்க்காரர்கள் படகில் வந்து காப்பாற்றினார்கள். தோப்புக்குள் கூட்டிப் போய் மீனும் முலாம்பழம் மாதிரி ஒரு பழமும் கொடுத்தார்கள். உள்ளே பஞ்சு மாதிரி இருக்கும், தேன் மாதிரி சாறு வரும் என்று எழுதுகிறார். வேறென்ன, நம்ம பனம்பழம்தான்!

இரண்டு நாள் தூரத்தில் முகாமிட்டிருந்த சகலை சுல்தான் ஆள் அனுப்பி அழைத்துக்கொண்டார். இவர் தீவு விஷயத்தைச் சொன்னார், அவரும் சம்மதித்தார். கப்பல்கள்கூட ஒதுக்கியாகிவிட்டது. ஆனால் அந்தப் பருவத்தில் மூன்று மாதம் தீவுப் பக்கம் போக முடியாது என்று கடற்படைத் தலைவர் சொல்லிவிட்டார்.

அந்த இடைவெளியில் சகலையின் படை எப்படிப்பட்டது என்று கண்ணாலேயே பார்த்தார். பிடிபட்ட ஜனங்களைக் கழுவில் ஏற்றினார்கள். பெண்களையும் குழந்தைகளையும் கொன்றார்கள். வேறெந்த அரசனும் இப்படிச் செய்து நான் அறிந்ததில்லை என்று கண்டித்து எழுதியிருக்கிறார். ஆனாலும் மயக்கம் போட்டு விழுந்த அந்தத் தீவுக்காரர்கள் மேல் இதே படையை ஏவும் திட்டத்தை அவர் கைவிட்டதாகத் தெரியவில்லை.

அதை நிறுத்தியது நோய். மதுரையில் கொள்ளை நோய் பரவி, சுல்தானின் மகனும் தாயும் இறந்தார்கள். பிறகு சுல்தானும் இறந்தார். அடுத்து வந்தவரும் கப்பல்களைத் தருவதாகச் சொன்னார், அதற்குள் இவருக்கே கடும் காய்ச்சல். பிழைத்தால் போதும் என்று கிளம்பிவிட்டார். மேற்குக் கடலில் கொள்ளையர்கள் இலங்கை மன்னர் கொடுத்த ரத்தினங்கள் உட்பட எல்லாவற்றையும் உருவிக்கொண்டு, கால்சட்டையோடு இறக்கிவிட்டார்கள்.

மறுபடியும் மாலத்தீவுக்கு ஒருமுறை போனார். விட்டுவந்த மனைவிக்கு ஒரு பையன் பிறந்திருந்தான். தூக்கிக்கொண்டு போகத்தான் வந்தார். பார்த்ததும், இவன் இங்கேயே இருப்பதுதான் நல்லது என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, சில நாட்களில் வங்காளத்துக்குக் கப்பல் ஏறிவிட்டார். 1355ல் மொரோக்கோவில் இதையெல்லாம் சொல்லச் சொல்ல இப்னு ஜுஸை என்பவர் எழுதி முடித்தார்.

அப்பிச்சி கேட்ட கேள்வி

இந்தக் கதையைப் போன ஞாயிற்றுக்கிழமை தோப்பில் அப்பிச்சியிடம் முழுசாகச் சொன்னேன். மட்டை உரித்துக்கொண்டே கேட்டார். முடிந்ததும், "பனம்பழம் கொடுத்தாங்கன்னியே, அவங்க பேரு என்ன கண்ணு?" என்றார்.

பேர் இல்லை அப்பிச்சி என்றேன். சுல்தான், மந்திரி, காஜி பேரெல்லாம் இருக்கிறது. நடுக்கடலில் கிடந்தவரைக் கரை சேர்த்தவர்கள் பெயர் மட்டும் இல்லை.

"கேட்டிருக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டு அடுத்த மட்டையை எடுத்தார்.

எங்கள் பயணத்துக்கு இன்னும் இடம் முடிவாகவில்லை. பட்ஜெட் நிலவரத்தைப் பார்த்தால் ராமேஸ்வரம்தான் போலிருக்கிறது. எங்கே போனாலும் ஒரு நோட்டு வாங்கிவைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் இடம் பெயர் எழுதப் போவதில்லை, தண்ணீர் கொடுத்தவர் பெயரைக் கேட்டு எழுதுவதாக உத்தேசம்.

பதிவு நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் காஸ்ட் அக்கவுண்டிங் தேர்வு. உயிரோடு இருந்தால் மீண்டும் சந்திப்போம்!