நலமறிய அவா

நம் கடிதங்கள் ஒரு காலத்தில் ‘நலம், நலமறிய அவா’ என்று தொடங்கின. கடன் கேட்டு எழுதினாலும் முதல் விசாரணை அதுதான். சிலரைப் பொறுத்தவரை மட்டும் இந்த விசாரணை கடைசியில் வந்தது. ஆண் என்றோ பெண் என்றோ பிறப்பில் விதித்ததில் அடங்காதவர்கள், தம் பாலினரையே நாடுபவர்கள். அவர்களிடம் முதலில் குற்றம் தேடினார்கள், பிறகு நோய், பிறகு தொற்று. நலம் நாலாவதாக வந்தது. இந்த வரிசையைத்தான் இங்கு பார்க்க வேண்டியிருக்கிறது.

குற்றம் 1860-இல் எழுதப்பட்டது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு, இயற்கைக்கு மாறானது என்று தான் கருதிய புணர்ச்சிக்கு ஆயுள் தண்டனை வரை விதித்தது. இருவரின் சம்மதம் பொருட்டல்ல. 2009-இல் தில்லி உயர் நீதிமன்றம் அந்த முடிச்சைத் தளர்த்தியது. 2013-இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் இறுக்கியது. 2018-இல் அதே நீதிமன்றம், வயது வந்தோரின் சம்மத உறவைப் பொறுத்தவரை, அவிழ்த்துவிட்டது. எல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த வினை என்று சொல்லிவிடுவது நமக்கு வசதிதான். முழு உண்மை அல்ல. தொல்காப்பியம் ஆண்மை திரிந்தோரை உயர்திணையில்தான் வைக்கிறது. ஆனால் அவர்களுக்கென்று தனி ஈறு இல்லை. உயர்திணையின் மற்ற ஈறுகளில்தான் வினை முடிய வேண்டும். மனிதர் என்பதை ஒப்புக்கொண்டு, சொந்தமாக ஒரு விகுதி கொடுக்க மறுப்பது. நம் சமூகத்தின் மனோபாவத்தை இவ்வளவு துல்லியமாக வேறெந்தச் சூத்திரமும் சொல்லிவிடவில்லை. வங்கிப் படிவங்களில் மூன்றாவதாக ஒரு கட்டம் சேர்க்கும்படி ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை அனுப்பியது 2015-இல்தான்.

நோய் என்ற தீர்ப்பை மனோதத்துவம் வழங்கியது. 1952-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிட்ட முதல் பட்டியலிலேயே தன்பால் நாட்டம் ஒரு கோளாறாக இடம்பெற்றது. ஆதாரம் என்ன? சிகிச்சைக்கு வந்தவர்களும் சிறையில் இருந்தவர்களும். ஆஸ்பத்திரியில் தேடினால் நோயாளிதான் கிடைப்பான். எவலின் ஹூக்கர் என்ற உளவியலாளர் இந்த எளிய விஷயத்தைக் கவனித்தார். இரண்டு இடங்களுக்கும் வெளியே, தன்பால் நாட்டமுள்ள 30 ஆண்களையும் அப்படியல்லாத 30 ஆண்களையும், வயதும் படிப்பும் அறிவுத்திறனும் ஒத்துப்போகும்படி, தேர்ந்தெடுத்தார். மைக்கறைச் சோதனை முதலியவற்றை நடத்தி, விடைகளைப் பெயரில்லாமல் நிபுணர்களிடம் கொடுத்தார். யார் எந்த வகை என்று அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 1957-இல் வெளியான அந்த ஆய்வில் சோதிக்கப்பட்டது 60 பேர் அல்ல. தோற்றது நிபுணர்களின் நிச்சயம். 1973-இல் அமெரிக்கச் சங்கம் அதைப் பட்டியலிலிருந்து நீக்கியது. உலக சுகாதார நிறுவனம் 1990-இல் நீக்கியது. பால் அடையாளம் பற்றிய வகைப்பாட்டை மனநோய் அத்தியாயத்திலிருந்து வெளியே எடுக்க அதற்கு 2019 ஆயிற்று. பட்டியல் மாறிய பிறகும், மின்னதிர்ச்சி கொடுத்து வெறுப்பை ஊட்டும் வைத்தியம் இந்திய மருத்துவமனைகளில் நடந்துகொண்டுதான் இருந்தது.

1986-இல் சென்னையில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. இங்கு இவர்களைப் பற்றிய ஆராய்ச்சி பெருமளவில் நுழைந்தது அந்த வாசல் வழியாகத்தான். இவர்கள் ‘அபாயப் பிரிவினர்’ ஆனார்கள். பணம் வந்தது, கணக்கெடுப்பு நடந்தது, இவர்கள் எப்படித் தூங்குகிறார்கள் என்று கேட்க அதில் இடமில்லை. வெங்கடேசன் சக்கரபாணியும் சகாக்களும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு வேறு திசையில் போயிற்று. மனச்சோர்வு, குடி, வன்முறைக்கு ஆளாவது ஆகிய மூன்றும் தனித்தனியாக வருவதில்லை, பின்னிக்கொண்டு வருகின்றன, தொற்றின் அபாயமும் அவற்றோடு சேர்ந்து கூடுகிறது. நலத்தை விட்டுவிட்டுத் தொற்றை மட்டும் பிடிக்க முடியாது என்பது இதன் பொருள்.

இலான் மேயர் 2003-இல் வகுத்த கோட்பாடு இதற்கு ஒரு சட்டகம் தந்தது. சிறுபான்மையாக இருப்பதாலேயே வரும் அழுத்தம் என்கிறார். அடியும் ஏச்சும் மட்டுமல்ல. அடி விழும் என்ற எதிர்பார்ப்பு, ஓயாமல் மறைத்தல், ஊரின் வெறுப்பைத் தானே தன்மேல் ஏற்றுக்கொள்ளுதல். தன் போன்றவர்களின் துணை கிடைத்தால் அழுத்தம் தணிகிறது. ஆக, நோய்க்கூறு ஆளிடம் இல்லை, ஊரிடம் இருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள நியூயார்க்குக்குப் போக வேண்டாம். எங்கள் கடையம் போதும். 1918-இன் இறுதியில் சிறையிலிருந்து வெளிவந்த பாரதி, செல்லம்மாவின் ஊரான இங்குதான் வந்து சுமார் இரண்டு வருஷம் இருந்தான். அக்கிரகாரம் அவனை ஒதுக்கியது. இன்று யாரும் அதைப் பாரதியின் மனக்கோளாறாக ஆராய்வதில்லை. ஊரின் கோளாறு என்றே படிக்கிறோம். அவன் ஒதுக்கப்பட்டது செய்கைக்காக. இருப்புக்காகவே ஒதுக்கப்படுகிறவர்களுக்கு அதே நியாயத்தை நீட்ட நமக்கு ஒரு நூற்றாண்டு போதவில்லை.

நீட்டிய ஒருவர் இதே சீமையில் பிறந்தவர். பாவூர்சத்திரம் பக்கத்துத் திப்பணம்பட்டியின் சு. சமுத்திரம். 1990-களில் வந்த அவருடைய ‘வாடாமல்லி’ சுயம்பு மேகலையாகிற கதை. பிரச்சார வாடை இருக்கிறது. உரத்த குரல் இருக்கிறது. ஆனாலும் நவீனத்துவ எழுத்து தனிமையைப் பிரபஞ்ச விதியாகப் பாவித்துக்கொண்டிருந்தபோது, சமுத்திரம் அந்தத் தனிமைக்கு விலாசம் எழுதினார்: வீடு, கல்லூரி, தெரு. மேயரின் கட்டுரைக்கு முன்பே.

2021-இல், மதுரையிலிருந்து சென்னைக்கு வந்துவிட்ட இரு பெண்கள், தங்கள் இணை வாழ்வுக்குப் பாதுகாப்புக் கேட்டு உயர் நீதிமன்றம் போனார்கள். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தம் புரிதல் போதாது என்று வெளிப்படையாகச் சொல்லி, உத்தரவிடும் முன் தாமே ஓர் உளவியலாளரிடம் போய் அமர்ந்தார். ஹூக்கர் காகிதத்தில் செய்தது இங்கு ஆளோடு நடந்தது. நோயாளியின் நாற்காலியில் நீதி உட்கார்ந்தது. பிறகு வந்த உத்தரவு, ‘குணப்படுத்தும்’ முயற்சிகளைத் தடை செய்தது. 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் அவற்றைத் தொழில் ஒழுக்கக்கேடு என்று அறிவித்தது. அதே ஆணையம் 2024-இல் வெளியிட்ட பாடத்திட்டத்தில், பெண்களின் தன்பால் உறவு இயற்கைக்கு மாறான குற்றங்களின் வரிசையில் திரும்பவும் தலைகாட்டியது. எதிர்ப்பு எழுந்ததும் சில நாட்களில் திரும்பப் பெற்றார்கள். பழைய வரிசை மேஜைக்குள்தான் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வெளியே எடுக்கலாம் என்பதற்கு இதைவிட அத்தாட்சி தேவையில்லை.

அந்நியமாதல் பற்றி நம் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கின்றன. அறையில் தனியே உட்கார்ந்திருக்கும் மனிதனை நாம் நன்றாக அறிவோம். கதவை வெளியிலிருந்து பூட்டியது யார் என்பதையும் எழுத வேண்டிய கட்டம் இது. கவிதைக்கு அது புறம்பான வேலை என்று சொல்கிறவர்கள், ஹூக்கரின் நிபுணர்களைப் போல, 60 விடைத்தாள்களை ஒருமுறை பிரித்துப் பார்க்கலாம்.