நீறு பூத்த நெருப்பு

அழல் என்பது நெருப்பு. அதனோடு உறவுடைய 'அழற்சி' என்னும் சொல் இன்று மருத்துவக் கலைச்சொல்லாக வழங்குகிறது. மேல்நாட்டாரும் இதற்குத் தீயைக் குறிக்கும் சொல்லையே இட்டனர். கி.பி. முதல் நூற்றாண்டு உரோமானிய நூலாசிரியர் செல்சஸ் இதற்கு நான்கு அடையாளங்களை வகுத்தார்: சிவப்பு, வீக்கம், வெம்மை, வலி. நான்கும் கண்ணுக்கும் கைக்கும் புலப்படுவன. இவற்றுள் ஒன்றும் புலப்படாமல், ஆண்டுக்கணக்கில் நீறு பூத்த நெருப்பாய் உடலுக்குள் கிடக்கும் அழற்சியும் உண்டு என்பதை அறிய நெடுங்காலம் சென்றது.

பருத்த வயிறு, உயர்ந்த இரத்த அழுத்தம், குருதியில் மிகுந்த சர்க்கரை, சீர்கெட்ட கொழுப்பு அளவு ஆகியவை ஒருவரிடமே கூடி நிற்பதை வளர்சிதை மாற்ற நோய்த்தொகுதி என்பர். அந்த மறைநெருப்புக்கும் இத்தொகுதிக்கும் உள்ள தொடர்பு அண்மைக்காலத்தில்தான் தெளிவாயிற்று. வியப்பு யாதெனில், அதற்கான தடயம் 1876-லேயே அச்சேறிவிட்டது!

ஜெர்மனியில் கெட்டிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியராயிருந்த வில்ஹெல்ம் எப்ஸ்டைன், நீரிழிவு நோயாளருக்குச் சோடியம் சாலிசிலேட் கொடுத்துப் பார்த்தார். மூட்டு அழற்சிக்கும் காய்ச்சலுக்கும் உரிய மருந்து அது. ஆஸ்பிரினுக்கு மூத்த உறவு. சிறுநீரில் கழிந்த சர்க்கரை குறைந்தது. 1901-இல் மான்செஸ்டர் மருத்துவர் வில்லியம்சன் அதே விளைவைக் கண்டு எழுதினார். இருவருக்கும் காரணம் விளங்கவில்லை. 1921-இல் இன்சுலின் கண்டுபிடிக்கப்படவே, பழைய சாலிசிலேட்டை நினைப்பார் இல்லை.

1957-இல் மீண்டும் ஒரு வாய்ப்பு வந்தது. இன்சுலின் ஊசியால் வாழ்ந்த ஒரு நோயாளிக்கு மூட்டுகளைத் தாக்கும் வாதக் காய்ச்சல் கண்டது. அதற்காகப் பேரளவில் ஆஸ்பிரின் கொடுத்தனர். ஊசியே தேவையற்றுப் போயிற்று! மூட்டு நோய் தீர்ந்து ஆஸ்பிரினை நிறுத்தியதும் சர்க்கரை மீண்டும் ஏறியது. ரீடும் அவருடைய தோழர்களும் இதனைப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டனர். பின்வந்த ஆய்வாளர் பலர், அம்மருந்து கணையத்தைத் தூண்டி இன்சுலினை மிகுதியாகச் சுரக்கச் செய்கிறது போலும் என்று கருதினர். அழற்சி மருந்து அழற்சியைத்தான் தணித்திருக்கும் என்னும் எளிய எண்ணம் எழாமற் போனதில் குற்றம் சொல்வதற்கில்லை. நீரிழிவில் சிவப்பும் வீக்கமும் எங்கே இருந்தன?

உண்மை வேறொரு வழியில் வந்தது. ஒட்டுண்ணி தாக்கிய விலங்குகள் எலும்பும் தோலுமாய் மெலிவது ஏன் என்று அமெரிக்காவில் செராமியும் பாய்ட்லரும் ஆராய்ந்தனர். மெலிவிக்கும் பொருளைப் பிரித்தெடுத்துப் பார்த்தபோது, அது முன்னமே அறியப்பட்டிருந்த டி.என்.எஃப். என்னும் அழற்சிப் புரதமே என்று 1985-இல் தெரிந்தது. எட்டு ஆண்டுகள் கழித்து, துருக்கியரான ஹோத்தமிஷ்லிகிலும் அவருடைய ஆசிரியர் ஸ்பீகல்மனும் அதே புரதத்தைக் கொழுத்த எலிகளின் கொழுப்புத் திசுவில் கண்டனர். மெலிவிக்கும் பொருளுக்குக் கொழுப்பில் என்ன வேலை? அதன் செயலைத் தடுத்ததும் எலிகளின் உடலில் இன்சுலின் முன்னினும் நன்றாக வேலை செய்தது. கொழுப்பு வெறும் சேமக்கிடங்கு என்ற பழங்கொள்கை அத்துடன் ஆட்டங்கண்டது.

2003-இல் வெளிவந்த இரண்டு ஆய்வுகள் அந்நெருப்பை மூட்டுவோரைக் காட்டின. கிருமிகளை விழுங்கும் வெள்ளணு வகையொன்று கொழுப்புத் திசுவில் குடியேறுகிறது. ஒல்லியானவரின் கொழுப்புத் திசுவிலுள்ள அணுக்களில் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவாயுள்ள இவ்வகை, மிகப் பருத்தவரிடம் நாற்பதை நெருங்குகிறது. கொழுப்பணுக்கள் அளவுக்கு மீறிப் புடைக்கும்போது இவை திரண்டு அழற்சிப் பொருள்களை வெளியிடுகின்றன. இன்சுலின் வந்து கதவைத் தட்டினாலும் அச்செய்தி அணுவின் உள்ளே செல்வது தடைப்படுகிறது.

எப்ஸ்டைனின் புதிருக்கும் விடை கிடைத்தது. அழற்சிக் கட்டளையைக் கொண்டுசெல்லும் ஐ.கே.கே. பீட்டா என்னும் நொதியைச் சாலிசிலேட் அடக்குகிறது என்றும், அதனால் எலிகளில் இன்சுலின் தடை நீங்குகிறது என்றும் 2001-இல் ஷோல்சன் குழுவினர் காட்டினர்.

ஆயினும் எலியில் கண்டது முழுவதும் மனிதனுக்குப் பொருந்திவிடவில்லை. அழற்சியே நோயின் ஒரே வேர் என்று முழங்குவோர் 2017-இல் முடிவு வெளியான கான்டோஸ் ஆய்வை நினைக்க வேண்டும். மாரடைப்புக் கண்ட பதினாயிரத்துக்கு மேற்பட்டோரிடம் அழற்சியை அடக்கும் கனகினுமாப் மருந்து சோதிக்கப்பட்டது. 150 மில்லிகிராம் அளவு பெற்றோரிடையே மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் ஆகியவை சேர்ந்து ஏறத்தாழ 15 விழுக்காடு குறைந்தன. புதிதாக நீரிழிவு தோன்றுவதோ குறையவில்லை.

சாலிசிலேட்டுக்கும் முறையான சோதனை நடந்தது. பேரளவு ஆஸ்பிரின் வயிற்றில் குருதிக்கசிவையும் காதில் இரைச்சலையும் உண்டாக்குவதால், அதன் இனத்தைச் சேர்ந்த சால்சலேட் என்னும் மருந்தை அமெரிக்காவில் 48 வாரம் கொடுத்துப் பார்த்தனர். 2013-இல் முடிவு வெளியாயிற்று. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவு, வெறுமாத்திரை உண்டோரைக் காட்டிலும் 0.37 புள்ளி குறைந்திருந்தது. கெட்ட கொழுப்பு சற்றே ஏறியது. சிறுநீரில் புரதமும் கூடியது. மருந்தை நிறுத்தியபின் அது தணிந்தது.