வழிப்போக்கனுக்காக விழித்திருந்த இரும்பு

சதுர வடிவில் ஓர் இரும்புக் குழாய். அகலம் 10 சென்டிமீட்டர், உயரமும் அவ்வளவே. நீளம் 4 மீட்டர் அல்லது 6 மீட்டர். உள்ளே நட்டநடுவில் மெல்லிய கம்பி ஒன்று இழுத்துக் கட்டியிருக்கும். ஆர்கான் வாயுவோடு கொஞ்சம் மீத்தேன் கலந்து அடைத்து, கம்பிக்கு உயர் மின்னழுத்தம் கொடுத்துவிட்டால் குழாய் விழித்துக்கொள்ளும். மின்னேற்றம் உள்ள ஒரு துகள் அதன் வயிற்றுக்குள் புகுந்து போனால், போன வழியில் வாயு அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் சிதறும். கம்பியில் சின்னத் துடிப்பு ஒன்று எழும். யாரோ வந்து போனார்கள் என்று சொல்லும் துடிப்பு.

இப்படி 1,600 குழாய்கள் 1980-ல் கோலார் தங்கவயலின் அடியில், தரையிலிருந்து 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் அடுக்கப்பட்டன. மொத்தம் 34 வரிசைகள். ஒரு வரிசை கிழக்கு மேற்காகப் படுத்தால் அடுத்தது வடக்கு தெற்காகப் படுக்கும் என்பதுபோல, ஒன்றுக்கொன்று குறுக்காக. வரிசைகளுக்கு இடையே 12 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரும்புத் தகடுகள். எல்லாம் சேர்த்து 140 டன். தங்கப் பாறை மேலே ஏறிவந்த அதே ஷாஃப்ட் வழியாகத்தான் இத்தனை இரும்பும் துண்டு துண்டாகக் கீழே இறங்கியது.

அறிவியல் புனைகதை படிப்பவர்களுக்கு இந்த ஜோடி நன்றாகத் தெரியும்: ஓரிடத்தில் தங்காமல் பிடிவாதமாக அலைகிற ஒருவர், அவரை விட்டு விலகாத ஓர் இயந்திரத் துணை. 1977-ல் ‘டாக்டர் ஹூ’ தொடரில் கே-9 என்ற இயந்திர நாய் வந்தது. காலத்துக்கும் வெளிக்கும் குறுக்கே திரியும் நாயகனோடு அதுவும் சுற்றியது. நமக்கு ஜீனோ. பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்த சுஜாதா, ஆனந்த விகடனில் எழுதிய ‘என் இனிய இயந்திரா’வில் நிலாவுக்குத் துணைநின்ற அந்தப் பேசும் இயந்திர நாயை ஒரு தலைமுறையே வீட்டு நாயைப்போல நேசித்தது. அந்தக் கதைகளை விரும்பிப் படித்த எனக்கு, பெங்களூரிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் நிஜத்திலேயே அப்படி ஒரு ஜோடி கால் நூற்றாண்டுக்கு மேல் இருந்தது என்பது வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. இங்கே அலைபவன் மனிதனல்ல, நியூட்ரினோ. இயந்திரமும் அவனோடு ஊர் சுற்றவில்லை. அவன் வரும் வழியில் உட்கார்ந்து காத்திருந்தது.

முதலில் அந்த அலைபவனைப் பற்றி. 1930 டிசம்பரில் வுல்ஃப்காங் பவுலி ஒரு கடிதத்தில் அவனைக் கற்பனையாகத்தான் படைத்தார். கதிரியக்கத்தில் காணாமல்போகும் ஆற்றலுக்குக் கணக்கு நேராகவில்லை. யார் கண்ணிலும் படாத ஒரு துகள் அதை எடுத்துக்கொண்டு ஓடுகிறது என்றார். அந்தத் துகளுக்கு மின்னேற்றம் கிடையாது. எதனோடும் ஒட்டாது, எதற்கும் நிற்காது. சூரியனிலிருந்து மட்டும் வினாடிக்கு ஏறத்தாழ 6,500 கோடி நியூட்ரினோக்கள் நம் கட்டைவிரல் நகமளவு இடத்தைத் துளைத்துக்கொண்டு போகின்றன. இரவிலும் போகின்றன, அப்போது பூமியை அடியிலிருந்து மேலாக ஊடுருவி வருகின்றன. 1956-ல் அமெரிக்காவில் கோவனும் ரைனஸும் அணு உலைக்குப் பக்கத்தில் கருவி வைத்து நியூட்ரினோவைப் பிடித்துக் காட்டினார்கள். அது மனிதன் மூட்டிய அடுப்பிலிருந்து வந்தது. வானத்திலிருந்து தானாக வருவதை அதுவரை யாரும் கண்டதில்லை.

தங்கவயலுக்கு இந்தக் கருவிகள் வந்த வழி 1951-ல் தொடங்குகிறது. மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனத்தின் இளம் ஆய்வாளர் பி.வி. ஸ்ரீகண்டன், ஹோமி பாபாவின் யோசனைப்படி, சாம்பியன் ரீஃப் சுரங்கத்துக்குள் துகள் எண்ணும் கருவிகளை எடுத்துக்கொண்டு இறங்கினார். அவர் எண்ணியது மியூவான்களை. விண்வெளியிலிருந்து வரும் புரோட்டான்கள் காற்றில் மோதிச் சிதறும்போது நியூட்ரினோக்களோடு சேர்ந்து பிறப்பவை அவை. தரையில் அவை ஓயாத தூறல். நீட்டிய உள்ளங்கையில் வினாடிக்கு ஒன்றாவது விழுந்துகொண்டே இருக்கும். பூமிக்குள் இறங்க இறங்கத் தூறல் குறையும். எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு குறைகிறது என்பதுதான் கேள்வி. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் எஸ். மியாகே, வி.எஸ். நரசிம்மம், பி.வி. ரமணமூர்த்தி ஆகியோர் அதே அளவீட்டை மேலும் மேலும் கீழே கொண்டுபோனார்கள். மிக ஆழமான இடத்தில் இரண்டு மாதம் கருவியை வைத்தும் ஒரு மியூவான்கூட வரவில்லை.

வெறுங்கையோடு திரும்ப வேண்டிய முடிவு அது. அவர்கள் அதை வேறு விதமாகப் படித்தார்கள். மியூவான் தூறலின் இரைச்சல் அடங்கிய இடம் என்றால், நியூட்ரினோவின் காலடி கேட்பதற்கு அதைவிட நல்ல இடம் ஏது? இந்த வரலாற்றில் என்னை மிகவும் கவர்ந்த திருப்பம் இதுதான். ஒன்றும் கிடைக்காத அந்த இரண்டு மாதங்களே அடுத்த முப்பது ஆண்டுக்கு இடம் பார்த்துக் கொடுத்தன.

அந்த அமைதிக்கு விலை கொடுத்தவர்கள் வேறு. ஜான் டெய்லர் கம்பெனி தங்கம் எடுக்கத் தொடங்கிய காலத்திலிருந்து வட ஆர்க்காடு, சேலம், தர்மபுரி, சித்தூர்ப் பக்கங்களிலிருந்து வந்த குடும்பங்கள், பெரும்பாலும் தலித் தமிழர்கள், மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் லைன் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து, ஷிப்டு ஷிப்டாக இறங்கி, அந்தப் பாறையைக் குடைந்தார்கள். ஆழத்தில் பாறையே கொதிக்கும்; மேலேயிருந்து குளிர்ந்த காற்றை அனுப்பாவிட்டால் நிற்க முடியாது. அழுத்தம் தாங்காத பாறை திடீரென்று வெடித்துச் சிதறும். சிலிகா தூசி நுரையீரலைத் தின்னும். 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து காவிரியின் மின்சாரம் ஏறத்தாழ 148 கிலோமீட்டர் கம்பியில் ஓடி இந்தச் சுரங்கங்களுக்கு வந்துவிட்டது. அன்றைய உலகின் மிக நீளமான மின்பாதைகளில் அது ஒன்று. பம்பு நீரை இறைக்க வேண்டும், விசிறி காற்றைத் தள்ள வேண்டும், கூண்டு ஏறி இறங்க வேண்டும். இவற்றில் ஒன்று நின்றாலும் அடியிலிருக்கும் ஆய்வுக் கருவி நின்றுபோகும். ஆய்வுக் கட்டுரைகளின் ஆசிரியர் பட்டியலில் சுரங்கத் தொழிலாளியின் பெயர் வராது. ஆனால் கருவி உட்கார்ந்திருந்த அறை அவர்கள் குடைந்த அறை.

1965-ல் ஹீத்கோட் ஷாஃப்டின் அடியில் முதல் நியூட்ரினோக் கருவிகள் நின்றன. எம்.ஜி.கே. மேனன் தலைமையில் டாடா நிறுவனம், மியாகேயின் ஒசாகா சிட்டி பல்கலைக்கழகம், வுல்ஃபென்டேலின் டர்ஹாம் பல்கலைக்கழகம் மூன்றும் கூட்டு. அப்போது இரும்புக் குழாய் வரவில்லை. துகள் பட்டால் மினுங்கும் பிளாஸ்டிக் பலகைகளை இரண்டு சுவர்களாக நிறுத்தி, இடையில் நியான் குழல்களையும் ஈயத் தகடுகளையும் வைத்தார்கள். இரு சுவரும் ஒரே கணத்தில் மினுங்கினால் நியான் குழல்கள் பளிச்சிடும். துகள் போன வழி ஒளிக்கோடாகப் படத்தில் விழும்.

சுவர்களை ஏன் நிமிர்த்தி வைத்தார்கள் என்பதில்தான் சூட்சுமம். தப்பிப் பிழைத்து அந்த ஆழத்துக்கு வரும் மியூவான் ஏறக்குறைய நேர் மேலிருந்துதான் வரும். அதுதான் குறுகிய வழி. பக்கவாட்டில் வர வேண்டுமானால் பத்துக்கணக்கான கிலோமீட்டர் பாறையைத் துளைத்தாக வேண்டும், அது அதனால் ஆகாது. கோலாரின் பாறை வேறு சாதாரணப் பாறையைவிடக் கனமானது. ஆகவே படுக்கைவாட்டில் ஒரு கோடு விழுந்தால், எங்கோ பக்கத்துப் பாறைக்குள் ஒரு நியூட்ரினோ இடறி விழுந்து, அங்கே பிறந்த மியூவான்தான் கருவியைக் கடந்திருக்கிறது என்று பொருள். வீட்டுக்குள் இருக்கும்போது கதவு தட்டப்பட்டால் யார் வேண்டுமானாலும் இருக்கலாம். பின்சுவரிலிருந்து தட்டு கேட்டால்?

கேட்டது. அதே நேரத்தில் தென்னாப்பிரிக்காவின் ஒரு தங்கச் சுரங்கத்தில் ரைனஸின் குழுவும் காத்திருந்தது. அவர்கள் முன்பே தொடங்கியவர்கள். முதல் நியூட்ரினோவும் அவர்களுக்கே முதலில் கிடைத்தது. ஆனால் அச்சில் முந்தியது கோலார். கோலார் குழுவின் கட்டுரை வெளிவந்த நாள் 1965 ஆகஸ்ட் 15. ரைனஸ் குழுவின் கட்டுரை இரண்டு வாரம் கழித்து வந்தது. காற்றுமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவை மனிதர் கண்ட முதல் இரண்டு இடங்களில் ஒன்று தங்கவயல். கோலார் தங்கவயலின் சுருக்கமான கே.ஜி.எஃப் என்றதும் இன்றைய பிள்ளைகளுக்கு அந்தப் பெயரில் 2018-ல் வந்த படம்தான் நினைவுக்கு வருகிறது. அந்த ஆகஸ்ட் 15-ஐ நம் பள்ளிப் பாடம் சொல்லாதது எனக்கு நிஜமாகவே வருத்தம்.

பிறகு கருவிகள் பெருகின. அவற்றில் சில, விளங்காத காட்சிகளையும் கண்டன. ஒரே புள்ளியிலிருந்து பல கோடுகள் கிளம்பும் சில நிகழ்வுகளை 1975-ல் அறிவித்தார்கள். ‘கோலார் நிகழ்வுகள்’ என்றே அவற்றுக்குப் பெயர் நிலைத்துவிட்டது. சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் ஜி. ராஜசேகரனும் எம்.வி.என். மூர்த்தியும் 2014-ல் அவற்றைத் திரும்ப எடுத்து, கரும்பொருள் சிதைந்ததன் தடயமாக இருக்குமோ என்று கேட்டார்கள். அது கேள்வியாகவே இருக்கிறது.

1980-ல்தான் நம் இரும்புக் குழாய்களின் முறை வந்தது. அவற்றை இறக்கியது புரோட்டானுக்காக. புரோட்டானுக்கும் சாவு உண்டு என்று புதிய கோட்பாடுகள் சொல்லிக்கொண்டிருந்த காலம். 140 டன் இரும்பிலுள்ள புரோட்டான்களில் ஒன்றாவது சிதைகிறதா என்று பார்க்க வேண்டும். நாளுக்கு இரண்டொரு மியூவான் வந்து போகும், மற்ற நேரமெல்லாம் மௌனம். சிதைவைப்போலத் தோன்றிய சில நிகழ்வுகளைக் கோலார் குழு அறிவித்தது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் சுரங்கங்களுக்குள் ஆயிரக்கணக்கான டன் தண்ணீரை வைத்துப் பார்த்தவர்களுக்கு அது தென்படவில்லை. 1980களின் நடுவில் 2 கிலோமீட்டர் ஆழத்தில் 260 டன்னில் இன்னொரு கருவியும் சேர்ந்தது. புரோட்டான் சாகிறதா என்பது இன்றும் தெரியாது. ஆனால் அந்த இரும்பு அடுக்குக்குள் நியூட்ரினோக்கள் வந்து மோதிக்கொண்டேதான் இருந்தன. அழைத்தது ஒருவரை, வந்து போனது பழைய வழிப்போக்கன். ஜப்பானின் கமியோகாந்தேவுக்கும் இதுவே நேர்ந்தது. புரோட்டானுக்காக வைத்த அந்தத் தொட்டி, வெடித்த ஒரு விண்மீனின் நியூட்ரினோக்களை 1987-ல் பிடித்தது. அதன் பெரிய தம்பியான சூப்பர் கமியோகாந்தே, காற்றுமண்டல நியூட்ரினோக்கள் போகிற வழியில் உருமாறுகின்றன என்று 1998-ல் காட்டியது. அதற்கு 2015-ல் நோபல் பரிசு.

தங்கவயலுக்கு அந்த நீண்ட ஓட்டம் வாய்க்கவில்லை. இயந்திரத்தின் மேல் பிழையில்லை. தங்கம் குறைந்தது, எடுக்கும் செலவு ஏறியது, ஆழமான மட்டங்கள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன. 1990களின் தொடக்கத்தில் ஆய்வு முடிவுக்கு வந்தது. 2001 பிப்ரவரி 28-ல் பாரத் கோல்ட் மைன்ஸ் சுரங்கங்களையே மூடினார்கள். பம்புகள் நின்றன, நீர் ஏறியது. மேலே சயனைடு மண்மேடுகளும், நிலுவைக்கும் வீட்டுப் பத்திரத்துக்கும் அலைந்த குடும்பங்களும், விடிகாலையில் பெங்களூருக்கு வேலைக்கு ரயிலேறும் பிள்ளைகளும் மிஞ்சினார்கள்.

இரும்பு அடுக்கின் யோசனை மட்டும் பிழைத்தது. கோலாரில் அந்தக் குழாய்களோடு வேலை செய்த நபகுமார் மண்டல், இந்திய நியூட்ரினோ ஆய்வுக்கூடத் திட்டத்தை முன்னின்று நடத்தினார். தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் மலையைக் குடைந்து 50,000 டன் காந்த இரும்பு. 2015-ல் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. ஊர்க்காரர்கள் நீருக்கும் மலைக்கும் பயந்தார்கள்; புலிகளின் வழித்தடம் கெடும் என்று தமிழ்நாடு அரசு 2022-ல் உச்ச நீதிமன்றத்தில் எதிர்த்தது. மலையையும் காட்டையும் கேட்பவர்கள், அங்கே வாழ்பவர்களிடம் முதலிலேயே உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். தங்கவயலில் குடைந்தவர்களுக்கு நாம் என்ன செய்தோம் என்று பார்த்த எவரும் அந்தப் பயத்தை அறியாமை என்று தள்ளமாட்டார்கள். அதே சமயம், அந்த இரும்பு மலைக்குள் போகாமல் நிற்பது எனக்கு வலிக்கவும் செய்கிறது.

மதுரையில் அதன் சிறு மாதிரி ஒன்று இருக்கிறது. 85 டன், தகடு, இடையே உணர்கருவி, மறுபடி தகடு என்று அதே பழைய அடுக்கு. தரைமேல் நிற்பதால் அதன் தலையில் மியூவான் ஓயாமல் கொட்டுகிறது. அந்த இரைச்சலில் நியூட்ரினோவின் காலடி கேட்காது. இப்போதைக்கு அது மியூவான்களை எண்ணிக்கொண்டிருக்கிறது, 1951-ல் சாம்பியன் ரீஃபுக்குள் முதன்முதலாக இறங்கிய கருவிகளைப்போல.