திண்ணையிலிருந்து ரியூட்டரி வரை



தனியார் கல்வி, வீட்டுக் கல்வி என்னும் தொடர்கள் இக்காலத்தில் அடிக்கடி நம் செவியில் விழுகின்றன. இவை மேலைநாட்டுப் புதுமைகள் என்று எண்ணுவோரும் உளர். யாழ்ப்பாணத்தின் கல்வி வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், அரசாங்கப் பாடசாலையே நமக்குப் பிந்தி வந்தது, வீடும் திண்ணையுமே முந்தியவை என்பது புலனாகும்.

விசயதசமியன்று ஏடு தொடக்கப்பட்ட பிள்ளை, ஆசிரியர் வீட்டுத் திண்ணையிலே மணலில் விரலால் எழுதி அரிச்சுவடி கற்றது. பின்னர் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், எண்சுவடி, நிகண்டு என மனனம் வளர்ந்தது. வகுப்பேற்றமும் பொதுப் பரீட்சையும் அங்கில்லை. ஒரு நூலை முடித்த பின்னரே அடுத்த நூலைத் தொடலாம். மேலும் கற்க விரும்பியோர் புலவர்களின் இல்லம் நாடிச் சென்றனர். ஆறுமுக நாவலர் (1822-1879) இளமையிலே சேனாதிராச முதலியாரிடமும் சரவணமுத்துப் புலவரிடமும் பாடங் கேட்டது இவ்வழியில்தான். நம் இலக்கண, இலக்கியப் பரம்பரை அறாது வந்தமைக்கு இக்கல்வியே காரணம். தமிழாசிரியனாகிய நான் அதனை நன்றியோடு நினைக்கிறேன்.

ஆயினும் அந்தத் திண்ணை எல்லாருக்கும் உரியதாக இருக்கவில்லை. சாதியால் ஒதுக்கப்பட்டோரின் பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை. பெண் பிள்ளைகளுட் கற்றவர் மிகச் சிலரே. 1816இல் வந்த அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியையும், 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையையும் தொடங்கியபோது ஒரு வாசல் திறந்தது. அவ்வாசலின் உள்ளே மதமாற்றமும் காத்திருந்தது. அதனைக் கண்ட நாவலர், 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். தாம் பயின்று, கற்பித்துமிருந்த வெஸ்லியன் பாடசாலையின் வகுப்பு முறையையும் அச்சிட்ட பாடநூலையும் அவர் தயங்காது ஏற்றுக்கொண்டார். அவருடைய பாலபாடங்கள் அவ்வாறு பிறந்தவை. பின்னர் 1888இல் சைவபரிபாலன சபையும், 1890இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியும், 1923இல் சைவ வித்தியா விருத்திச் சங்கமும் தோன்றின. இவையெல்லாம் தனியார் முயற்சிகளே.

இங்கும் வாசல் முழுமையாகத் திறந்துவிடவில்லை. 1930ஐ ஒட்டிய காலத்தில், நன்கொடை பெறும் பாடசாலைகளிலே எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வழங்குமாறு அரசாங்கம் பணித்தபோது, நம் சமூகத்திலிருந்தே கடும் எதிர்ப்புக் கிளம்பியது. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் சம ஆசனத்தின் பக்கம் நின்றது. தரையில் இருத்தப்பட்ட பிள்ளை வாங்கில் ஏறியதும் நம் கல்வி வரலாறுதான். அதனை நாம் மேடைகளில் அதிகம் பேசுவதில்லை.

1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் நன்கொடை பெற்ற பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசின் கைக்கு மாறின. இந்துக் கல்லூரிகளும் அவற்றுள் அடங்கும். ஐந்து முதல் பதினான்கு வயது வரையான பிள்ளைகளுக்குத் தனியார் புதிதாகப் பாடசாலை தொடங்குவதை 1961ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. இன்றைய சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிகளாகப் பதிவு செய்யப்படுவது இதனாலேயே. ரியூட்டரியை எச்சட்டமும் தடுக்கவில்லை. 1970களில் தரப்படுத்தல் பல்கலைக்கழகப் போட்டியைக் கடுமையாக்கியபோது அது நம்மிடையே வேர்விட்டுப் பரவியது.

ரியூட்டரியைத் திண்ணையின் மறுபிறப்பு என்று சொல்வோர் உண்டு. நான் அதனை ஒப்புக்கொள்ளேன். திண்ணை ஆசிரியருக்கு ஒவ்வொரு பிள்ளையும் எந்த இடத்தில் தடுமாறுகிறது என்பது தெரியும். நூற்றுக்கணக்கானோர் இருக்கும் கொட்டகையில் அது எங்ஙனம் இயலும்? திண்ணையின் நன்மையை விட்டுவிட்டு, சிலரை வெளியே நிறுத்தும் அதன் குறையை மாத்திரம் ரியூட்டரி எடுத்துக்கொண்டது. அன்று சாதி நிறுத்தியது. இன்று கட்டணம் நிறுத்துகிறது.

பாடசாலை விட்டதும் சைக்கிளில் ரியூட்டரிக்கு விரையும் மாணவரை நாள்தோறும் பார்க்கிறேன். பணமில்லாமையால் வீடு திரும்புவோரையும் பார்க்கிறேன். நேயர்களே, நம் ஊர்களில் இளைப்பாறிய ஆசிரியர்கள் பலர் உள்ளனர். சனசமூக நிலையங்களும் கோயில் மண்டபங்களும் உள்ளன. மாலையில் ஒரு மணி நேரம், பத்துப் பிள்ளைகள், கட்டணமின்றி, சாதி பாராது என்று அங்கே கற்பிக்கத் தொடங்கினால், பழைய திண்ணையின் நன்மை இம்முறை எல்லாருக்கும் கிட்டும்.