டூரிங் டாக்கீஸ் மறைந்தது

பல்லடம், காங்கேயம், குண்டடம், ஊத்துக்குளி என்று நம் பக்கத்து ஊர்களின் ஓரங்களில், பொழுது சாய்ந்ததும் சீர்காழி கோவிந்தராஜன் குரலில் பிள்ளையார் பாட்டைப் போட்டு ஆள் கூப்பிட்ட டெண்ட் கொட்டாய் இன்று இல்லை. கடைசி ஆட்டம் எந்த நாளில் நடந்தது என்று எழுதி வைத்தவர்கள் குறைவு. உரிமம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை, கீற்றைப் பிரித்துவிட்டார்கள். துக்கம் விசாரிக்கவும் யாரும் வரவில்லை. அதைத்தான் இப்போது செய்ய நினைக்கிறேன்.

டெண்ட் கொட்டாய் நம் கொங்குச் சீமையில் பிறந்த பிள்ளை என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. கோயமுத்தூர்க்காரரான சாமிக்கண்ணு வின்சென்ட் திருச்சியில் ரயில்வே உத்தியோகத்தில் இருந்தவர். 1905-ல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் ஏசுவின் வாழ்க்கையைக் காட்டும் மௌனப் படத்தையும் வாங்கிக்கொண்டு வேலையை விட்டார். ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். 1914-ல் கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். அது நின்ற சாலைக்கு இன்றும் அதே பெயர்தான். கட்டடம் நகரத்துக்குப் போனது, கூடாரம் கிராமத்துக்கு மிஞ்சியது. அந்தச் சரித்திரத்தை விரிவாக எழுதிய தியடோர் பாஸ்கரன் தாராபுரத்தில் பிறந்தவர் என்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

1955-ம் ஆண்டின் சினிமா ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் டூரிங் சினிமாவுக்குக் கிடைத்தது தற்காலிக உரிமம்தான். அதனால்தான் சுவருக்குப் பதில் தட்டி, கூரைக்குக் கீற்று அல்லது படுதா. பகலில் வெளிச்சம் உள்ளே அடிக்கும் என்பதால் முதல் ஆட்டம், இரண்டாம் ஆட்டம் இரண்டும் இருட்டிய பிறகே. பிள்ளையார் பாட்டு கேட்டால் டிக்கெட் கொடுக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். அதற்குள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வருவார்கள்.

உள்ளே தரை, பெஞ்ச், சேர் என்று மூன்று வகுப்பு. தரையில் பெண்கள் பக்கம், ஆண்கள் பக்கம் என்று நடுவில் ஒரு தடுப்பு. முன்னால் இருப்பவரின் தலை மறைக்காமலிருக்க மணலைக் கூட்டிக் குவித்து மேடு கட்டி உட்காருவோம். இடைவேளையில் முறுக்கு வாங்கப் போய்த் திரும்பினால் அந்த மேட்டில் வேறொருவர் இருப்பார். ஆனாலும் அந்த மணலைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்று இருக்கிறது. டீக்கடையில் சிலருக்குத் தனி டம்ளர் வைத்திருந்த காலம் அது. சாதி பார்க்காமல் தமிழர்கள் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் இடம் சினிமாக் கொட்டகை என்று பேராசிரியர் கா. சிவத்தம்பி எழுதினார். இடத்தைத் தீர்மானித்தது காசு, பிறப்பு அல்ல. கொங்கு கிராமத்தில் இது லேசான காரியமில்லை.

எனக்கு எப்போதும் திரையைவிட ஆபரேட்டர் ரூம்தான் பிடிக்கும். பெரும்பாலான கொட்டாய்களில் ஒரே ஒரு புரொஜெக்டர். ரீல் தீர்ந்ததும் படம் நிற்கும், விளக்குப் போடுவார்கள், அடுத்த ரீலை மாட்டும்வரை சுண்டலும் கோலி சோடாவும் விற்கும். வெளிச்சத்துக்குப் பல்பு கிடையாது. விளக்குக் கூண்டுக்குள் இரண்டு கார்பன் குச்சிகளை நுனியோடு நுனி நெருக்கி வைப்பார்கள். இடையில் மின்சாரம் பாய்ந்து கண்ணைப் பறிக்கிற வெள்ளைச் சுடர் எரியும். குச்சிகள் எரிந்து குறையக் குறைய இடைவெளி கூடும், திரை மங்கி மஞ்சளாகும். கறுப்புக் கண்ணாடி வழியாகச் சுடரைப் பார்த்துக்கொண்டே ஆபரேட்டர் கைப்பிடியைத் திருகிக் குச்சிகளை மறுபடி நெருக்குவார். கொஞ்சம் அசந்தால் தரை டிக்கெட்டிலிருந்து விசில் பறக்கும். பல ஊர் சுற்றி வந்த பிரிண்ட் அறுந்தால், முனையைப் பிளேடால் சுரண்டி, பிலிம் சிமெண்ட் தடவி, விரலால் அழுத்திப் பிடித்து ஒட்டுவார். கை துடைக்கப் பக்கத்தில் ஒரு கொத்து பனியன் வேஸ்ட்.

காலி நிலத்தில் படம் காட்டியது நாம் மட்டும் அல்ல. அமெரிக்காவில் 1933-ல் நியூ ஜெர்சியில் காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கும் டிரைவ்-இன் தொடங்கியது. 1950-களின் கடைசியில் அந்நாட்டில் நாலாயிரத்துக்கு மேல் இருந்தன. அங்கே குடும்பம் தன் காருக்குள் தனியாக இருந்தது. நம் ஊரில் வண்டியைத் தட்டிக்கு வெளியே அவிழ்த்துவிட்டு, மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுவிட்டு, எல்லோரும் ஒன்றாக மணலில் உட்கார்ந்தார்கள். இரண்டும் கிராமப்புறத்துக் காலி நிலத்தை நம்பிப் பிழைத்தவை. நிலத்தின் விலை ஏறியதும் இரண்டும் நொடித்தன.

டெண்ட் கொட்டாயை டி.வி. கொன்றது என்பார்கள். பாதி உண்மை. வீடியோ டெக் வந்தது, 1980-களில் கொடைக்கானல் நிலையத்தை நோக்கி ஆன்டெனாக்கள் திரும்பின, 1993-ல் சன் டி.வி. வந்தது. ஆனால் திருப்பூரைச் சுற்றியுள்ள ஊர்களில் அதற்கு முன்பே வேறொன்று கைவிட்டுப் போயிருந்தது: ஊர் முழுக்க ஒரே நேரத்தில் ஓய்கிற சாயங்காலம். காட்டு வேலை பொழுதோடு முடியும். கொட்டாய் அந்த நேரத்தை நம்பித்தான் பாட்டுப் போட்டது. பல்லடம் பக்கம் விசைத்தறி ராத்திரியும் ஓடத் தொடங்கியது. பனியன் கம்பெனி வேன் விடியற்காலையில் ஊருக்குள் வந்து ஆட்களை ஏற்றிப்போனது. ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரைக்கு உள்ளே போனவர் வெளியே வர ராத்திரி எட்டரை. வீட்டில் ஒருத்தர் செக்கிங், ஒருத்தர் பவர்டேபிள், ஒருத்தர் தறி. மூன்று பேருக்கும் மூன்று நேரம். சனிக்கிழமை சம்பளம் வாங்கியவர்கள் ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குப் போய் நல்ல சவுண்டில் படம் பார்த்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை; அந்தச் சம்பளம் பல வீடுகளுக்கு ஓடு போட்டது, பெண்பிள்ளைகளின் கையில் முதல்முறையாகக் காசு கொடுத்தது. போனது போனதுதான் என்றும் அதே மனம் சொல்கிறது. வாரத்தில் எந்த ராத்திரியிலும் ஊரே ஓர் இடத்தில் உட்கார்ந்து சேர்ந்து அழுவது இப்போது கோயில் நோம்பி சாட்டினால்தான் உண்டு.

புரொஜெக்டர்கள் பலவும் பழைய இரும்பாக எடைக்குப் போயின. கொட்டாய் நின்ற இடங்களில் குடோனும் கல்யாண மண்டபமும் லைன் வீடுகளும் எழுந்துவிட்டன. மிஞ்சியிருப்பவை வருவாய்த் துறையின் பழைய உரிமக் கோப்புகள் கொஞ்சம், வீட்டுப் பரணில் கிடக்கும் நோட்டீஸ் கட்டுகள் கொஞ்சம். அப்புறம் அந்த ஆபரேட்டர்கள். எழுபதைத் தாண்டிய பலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். எந்த ஊரில் எந்தப் படம் எத்தனை நாள் ஓடியது, எந்த ரீல் எங்கே அறுந்தது என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். உள்ளூர்க் கல்லூரி மாணவர்கள் ஒரு ரெக்கார்டரோடு போய் உட்கார்ந்தால் இந்த வருடமே கேட்டு எழுதிவிடலாம்.