பேச்சு வாராப் பிள்ளைகளும் ஐந்து வயதுக் கணக்கும்

ஸ்ரீவைகுண்டத்திற் பிறந்த குமரகுருபர அடிகள் ஐந்து வயதுவரை வாய்பேசாதிருந்தனர் என்பதும், பெற்றோர் திருச்செந்தூருக்குக் கொண்டுசென்று முறையிட, முருகன் திருவருளாற் பேசிக் கந்தர் கலிவெண்பாப் பாடினர் என்பதும் சைவ மக்கள் அறிந்த வரலாறு. அதனை மேற்கோளாகக் கொண்டு, "ஐந்து வயது ஆகட்டும், பிள்ளை தானே கதைக்கும்" என்று தாய்மாரைத் தேற்றும் வழக்கம் கொழும்பில் இன்றும் உண்டு. கிருலப்பனையில் யானே பன்முறை கேட்டிருக்கிறேன். ஆயின் அப்பெற்றோர் கவலையுற்றன்றோ சந்நிதியை நாடினர்? கவலையை மறந்து வயதை மட்டும் நினைவில் வைத்தது நம் பிழை.

பள்ளிகளும் நெடுங்காலம் அவ்வயதையே எல்லையாகக் கொண்டன. அடிகள் பிறந்த அதே தாமிரபரணிக் கரையில், பாளையங்கோட்டையில், 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில் புளோரன்ஸ் சுவெயின்சன் அம்மையார் செவிப்புலனற்ற பிள்ளைகட்குப் பள்ளி அமைத்தார். இலங்கையில் 1912இல் மேரி சப்மன் அம்மையார் தொடங்கிய பாடசாலை பின்னர் இரத்மலானையில் நிலைபெற்றது. 1956இல் கைதடியில் நஃபீல்ட் பாடசாலை எழுந்தது. இவற்றின் தொண்டு பெரிது. எனினும் பள்ளி வயதெய்தி வந்த பிள்ளைக்கு, மொழி எளிதிற் பதியும் ஆண்டுகள் பெரிதும் கழிந்துவிட்டிருந்தன.

மாற்றம் மடியிலிருந்து தொடங்கியது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்து ஐரின் யூவிங், அலெக்சாந்தர் யூவிங் தம்பதியர் 1944இல் வெளியிட்ட முறை மிக எளியது. ஏழெட்டு மாதக் குழந்தை தாய்மடியில் இருக்கும். ஒருவர் முன்னின்று விளையாட்டுக் காட்டுவார். அதனை நிறுத்திய கணத்தில், குழந்தையின் கண்ணிற்படாது பக்கத்தே நிற்கும் மற்றொருவர் மெல்லிய ஒலி எழுப்புவார். தலை திரும்பிற்றா என்பதே வினா. இன்று பிறந்த சில நாட்களுள்ளேயே கருவியாற் செவியைச் சோதிக்க இயலும்.

சென்னையில் 1969இல் தோன்றிய பால வித்யாலயா, ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளையே சேர்த்துத் தாயையும் உடனிருத்திப் பயிற்றியது. நம் நாட்டிற் களனிப் பல்கலைக்கழகம் 1997இல் பேச்சுச் சிகிச்சையாளரைப் பயிற்றத் தொடங்கியது.

செவி நன்கிருந்தும் பேச்சுப் பிந்துவதுண்டு. ஓராண்டு நிறைந்தும் மழலையின்மை, அழைத்தால் திரும்பாமை, ஈராண்டு நிறைந்தும் இரு சொல்லைக் கோவாமை ஆகியன கண்டால் ஆராய்தல் வேண்டும். வெள்ளவத்தையில் தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் கலந்து கேட்பதாற் பிள்ளை குழம்புகிறதென்பர்; பன்மொழி கேட்டல் பேச்சுக் குறைபாட்டை உண்டாக்குவதில்லை. அதன்பொருட்டு வீட்டில் தமிழை நிறுத்துவோரும் உளர்! அந்தோ, பாட்டியோடு பேசும் வாயும் அடைபடும்.

பிள்ளை பிறந்ததும் தாய்க்கு வழங்கப்படும் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில் கேள்வியும் பேச்சும் பற்றிய வினாக்கள் அச்சிடப்பட்டுள்ளன. தடுப்பூசிப் பக்கத்தைத் திறக்கும் நாளில் அப்பக்கத்தையும் திறந்து தாயோடு படித்தல் பத்து நிமிட வேலை.