கலைப்பொருளாகும் ஆடம்பரக் கைப்பை: தாராவி முன்வைக்கும் மாற்று வழி

மும்பை: உலகின் முன்னணி ஆடம்பர நிறுவனங்கள் தங்கள் கைப்பைகளை ஓவியர்களிடமும் சிற்பிகளிடமும் ஒப்படைத்து, அவற்றைக் கலைப்பொருள்களாக மாற்றி விற்பனை செய்கின்றன. மும்பை தாராவியில் ஒரு கலைஞர் இதே பணியை மறுமுனையிலிருந்து தொடங்கியுள்ளார். தோல் தொழிலாளர்களை இழிவுபடுத்தப் பயன்பட்ட சாதிப் பெயரையே அவர் தனது பைகளின் வணிகப் பெயராக்கியுள்ளார். இதன் பின்னணி வருமாறு:

டயானாவின் பை

1995 செப்டம்பரில் பாரிஸில் நடைபெற்ற செசான் ஓவியக் கண்காட்சியையொட்டி, பிரிட்டன் இளவரசி டயானாவுக்கு அப்போதைய பிரான்ஸ் அதிபரின் மனைவி பெர்னதெத் சிராக் டியோர் நிறுவனத்தின் கைப்பை ஒன்றைப் பரிசளித்தார். டயானா அதனை விரும்பிப் பயன்படுத்தியதால் அடுத்த ஆண்டு அதற்கு 'லேடி டியோர்' எனப் பெயரிடப்பட்டது.

இந்தப் பையைக் கலைஞர்கள் மறுவடிவமைக்கும் 'டியோர் லேடி ஆர்ட்' திட்டம் 2016-ல் தொடங்கியது. 2019-ல் வெளியான நான்காம் பதிப்பில் இடம்பெற்ற 11 கலைஞர்களில் இருவர் கொல்கத்தாவில் பிறந்தவர்கள். ஒருவர் நியூயார்க்கில் வசிக்கும் ரீனா பானர்ஜி. மற்றவர் காஷ்மீரில் வளர்ந்து லண்டனில் குடியேறிய ரகீப் ஷா. இதற்கு முன்பே, 2003-ல் ஜப்பானியக் கலைஞர் தகாஷி முரகாமி லூயி விட்டான் பைகளுக்குப் பல வண்ண வடிவம் அளித்திருந்தார்.

தமிழர்களின் பங்கு

மாட்டுங்கா, சயான், மாஹிம் பகுதிகளை ஒட்டிய தாராவியின் தோல் தொழிலுக்கு நூற்றாண்டைக் கடந்த வரலாறு உண்டு. இங்கு முதல் தோல் பதனிடும் தொழிற்கூடம் 1887-ல் அமைந்ததாகக் கூறப்படுகிறது. திருநெல்வேலி உள்ளிட்ட தென் மாவட்டங்களிலிருந்து வந்த இஸ்லாமியர்களும் ஆதிதிராவிடர்களும் இத்தொழிலை வளர்த்தனர். பாந்த்ராவில் இருந்த இறைச்சிக்கூடம் 1971-ல் செம்பூரை அடுத்த தேவ்நாருக்கு மாற்றப்பட்டது. பதனிடும் பணி பின்னர் தாராவியைவிட்டு விலகியபோதும், பை, பணப்பை, இடைவார் தைக்கும் பட்டறைகள் நீடித்தன.

தடையும் மாற்றுப் பொருளும்

மகாராஷ்டிரத்தில் பசுவதைத் தடை 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நடைமுறையில் உள்ளது. 2015-ல் அத்தடை காளை, எருதுகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. எருமைக்குத் தடை இல்லை என்றாலும், தோல் வரத்து குறைந்து கைவினைஞர்கள் பலர் வேலை இழந்தனர்.

இச்சூழலில் கலைஞர் சுதீர் ராஜ்பர் தாராவியின் தலித், இஸ்லாமியக் கைவினைஞர்களுடன் இணைந்து 'சமார் ஸ்டுடியோ'வை உருவாக்கினார. தோலுக்கு மாற்றாக, கழிவு ரப்பரிலிருந்து மறுசுழற்சி செய்யப்பட்ட தகடுகள் இங்கு பைகளாகின்றன. பொருள் மாறினாலும் வெட்டுதல், மடித்தல், தைத்தல் ஆகியவற்றில் கைவினைஞர்கள் தலைமுறைகளாகப் பெற்ற திறன் அப்படியே பயன்படுகிறது.

பெயரின் பொருள்

'சமார்' என்பது வட இந்தியாவில் தோல் தொழில் சார்ந்த பட்டியல் சாதியின் பெயர். அவமதிக்கும் நோக்கில் ஒருவரை அவ்வாறு அழைப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் குற்றமாகும் என 2008-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வசைச் சொல்லாகப் பயன்பட்ட அதே பெயரை, கைத்திறனின் அடையாளமாக மாற்றுவதே ராஜ்பரின் நோக்கம்.

இந்நிறுவனத்தின் நாற்காலிகள் 2024 டிசம்பரில் அமெரிக்காவின் மயாமி வடிவமைப்புக் கண்காட்சியில் இடம்பெற்றன. பாடகி ரிஹானா அவற்றில் ஒன்றில் அமர்ந்த படம் பரவலான கவனத்தைப் பெற்றது. 2025 மார்ச்சில் மக்களவை எதிர்க்கட்சித் தலைவர் ராகுல் காந்தி இப்பட்டறைக்கு நேரில் சென்றார்.

யாருக்கு உரிமை?

கலைஞர் தொட்ட பையில் அவரது பெயர் விலையை உயர்த்துகிறது. தைத்தவரின் பெயர் பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை. 2025 ஜூனில் இத்தாலியின் பிராடா நிறுவனம் கோலாப்பூர் செருப்பை ஒத்த காலணிகளை மிலன் நகரில் காட்சிப்படுத்தியபோது இக்கேள்வி வலுப்பெற்றது. எதிர்ப்பு எழுந்த பின்னரே, அவ்வடிவம் இந்தியக் கைவினையிலிருந்து உந்துதல் பெற்றது என அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. அந்த ஆண்டு டிசம்பரில் மகாராஷ்டிர, கர்நாடக அரசுகளின் தோல் தொழில் மேம்பாட்டுக் கழகங்களுடன் அது உடன்பாடு செய்துகொண்டது.

தாராவியைப் பொறுத்தவரை, மறுசீரமைப்புத் திட்டத்தில் சிறு பட்டறைகளுக்கு எங்கு, எவ்வளவு இடம் கிடைக்கும் என்பதைப் பொறுத்தே இக்கைத்திறனின் எதிர்காலம் அமையும்.